சிவப்புக்கு ஆகாதவள்

ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவள் நிக்கலக்கா. வாசலில் அடையாள அட்டை பார்க்கும் காவலாளிகூட, "நிக்கலக்கா உள்ள போயாச்சு, அப்ப மணி எட்டே முக்கால்" என்று தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். முப்பது வருடமாக அதே படிக்கட்டு, இரண்டாவது மாடி, நடைபாதையின் கடைசி அறை. அந்த அறையின் ஜன்னல் பாதிதான் திறக்கும். மீதிப் பாதியை, புகையை வெளியே தள்ளும் குழாய் மறித்துக்கொண்டு நின்றது. திறக்கிற பாதி வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். கழுத்தை நன்றாகத் திருப்பினால் கைக்குட்டை அளவுக்கு வானம்.

பெயர் வந்தது ஒரு நிக்கல் சேர்மத்தால். ஓர் உலோக அணுவை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு மூலக்கூறுகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை அணைவுச் சேர்மம் என்பார்கள். அப்படிப்பட்டவற்றைச் செய்வது, நிறம் பார்ப்பது, காந்தத்துக்கு அசைகிறதா என்று பார்ப்பது, எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று குறிப்பது, இதுதான் அவள் பிழைப்பு. இருபத்து நான்கு வயதில், ஆய்வு மாணவியாக இருந்தபோது, தானே யோசித்துச் செய்த ஒரு கரிமப் பொருளை நிக்கலோடு சேர்த்து, சுடச்சுட ஸ்பிரிட்டில் கரைத்து ஆறவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குடுவையின் அடியில் சிவப்பு ஊசிகள் கிடந்தன, மாதுளை முத்தைப் பிளந்து போட்ட மாதிரி.

அவளுடைய வழிகாட்டி, பின்னாளில் நிலையத்துக்கே இயக்குநர் ஆனவர், குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பச்சையால்ல வரணும்?"

"சிவப்பாத்தான் வந்திருக்கு சார்."

"காந்தத்துல வச்சுப் பாத்தியா?"

"அசையல சார்."

பச்சையாக இருந்தால் காந்தம் அதை இழுத்திருக்கும். அவர் குடுவையைத் தக்கையால் மூடினார். பிறகு, "இப்போதைக்கு யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்றார்.

அந்தச் சிவப்புக்கு ஒரு குணம் இருந்தது. அமோனியா வாடை துளி பட்டாலும் கருநீலமாகிவிடும். லேசாகச் சூடு காட்டினால் பழையபடி சிவப்பாகும். பெரிய குளிர்பதனக் கிடங்குகள் அமோனியாவில்தான் ஓடுகின்றன. அங்கே குழாய் கசிந்தால் மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் உண்டு. சுவரில் இந்தச் சிவப்பைப் பூசிய ஒரு பட்டையை ஒட்டினால் போதும், மூக்கு கண்டுபிடிப்பதற்குள் பட்டை கண்டுபிடித்துவிடும். கட்டுரை வெளியானது. வழிகாட்டியின் பேர் முதலில், அவள் பேர் அடுத்ததாக. அவர் மேடை மேடையாக ஏறினார். அவளுக்கு அதே நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆறு வருடம் சிவப்பு சொன்ன பேச்சைக் கேட்டது.

ஏழாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குடுவைக்குள் பச்சைத் தூள் இருந்தது.

தவறு தன் கையில்தான் என்று மறுபடி செய்தாள். பச்சை. கண்ணாடிச் சாமானை எல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். பச்சை. மூலப்பொருள்களைப் புதிதாக வரவழைத்தாள். பச்சை. ஒரு மாதத்துக்குள் அலமாரியில் இருந்த பழைய சிவப்புப் புட்டிகளிலும் பாசி படர்ந்த மாதிரி பச்சைப் புள்ளி விழுந்து, பரவி, கடைசிப் புட்டியும் போய்விட்டது. பச்சைக்கு அமோனியாவும் ஒன்றுதான், வெறுங்காற்றும் ஒன்றுதான்.

காரணம் அவளுக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அந்தச் சேர்மத்துக்குப் பச்சைதான் நிம்மதியான நிலை. சிவப்பு, நின்றுகொண்டே தூங்குகிறவனைப் போல; யாரும் தொடாத வரைக்கும் நிற்பான். பச்சையின் ஒரு துகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி, கரைசலில் விழுந்தால் போதும். மற்ற மூலக்கூறுகள் எல்லாம் அதைப் பார்த்து அதைப்போலவே அடுக்கிக்கொள்ளும். அந்தத் தூசி இப்போது அறை முழுக்க இருந்தது. தராசில், கதவுப் பிடியில், அவள் மேலங்கியில், தலைமுடியில்.

இதை அவள் புரிந்துகொண்ட விதம் கொடுமையானது. வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கட்டுரையைப் படித்துவிட்டுத் தாங்களாகவே சிவப்பைச் செய்திருந்தது. "வந்து பாருங்கள்" என்று அழைத்தார்கள். அவள் போய் இறங்கிய அன்று மேசை மேல் நான்கு புட்டி சிவப்பு இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், கிளறிப் பார்த்தாள். பத்தாம் நாள் நான்கும் பச்சை. அவர்கள் மரியாதையாகத்தான் வழியனுப்பி வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அளந்து குறிப்பதற்குள் பச்சையாகிவிட்ட சிவப்பைப் பார்த்தோம் என்று எழுதித்தர அவர்களுக்கு விருப்பமில்லை.

"உங்கூடக் குடும்பம் நடத்தி நானும் உள்ளுக்குள்ள பச்சையாயிருப்பேன்" என்பார் அவள் கணவர். குடிநீர் வாரியத்தில் குழாய் பழுதுபார்ப்பு மேற்பார்வையாளர். எதையும் சிரிப்பாக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "கொஞ்சம் காந்தம் வச்சுப் பாரும்மா."

அவள் வேறு வேலைக்குப் போக முயலாமல் இல்லை. துத்தநாகத்தில் ஒரு நல்ல யோசனை வைத்திருந்தாள். நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டியின் மேசையில் வைத்தாள். அவர் அப்போது துறைத் தலைவர் ஆகியிருந்தார். தாளைத் தொடவே இல்லை.

"நீ இப்ப இதை விட்டுட்டுப் போனா வெளிய என்ன பேசுவாங்க? பொய்னு தெரிஞ்சுதான் கழண்டுக்கிட்டான்னு பேசுவாங்க. சிவப்பை எடுத்துக் குடுத்துட்டு எங்க வேணா போ."

"வெளிய ஒரு லேபுல, நம்ம தூசி படாத இடத்துல செஞ்சு பாக்கச் சொல்லலாமே சார்."

"எங்களால முடியலன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியா?"

ஆக, போகவும் முடியாது, கேட்கவும் முடியாது. அவள் அந்த அறையிலேயே இருந்தாள். சிவப்பு ஏன் வரவில்லை என்பதைப் பற்றியே பதினொரு கட்டுரை எழுதினாள். வயது முப்பதிலிருந்து ஐம்பத்து நான்கு ஆனது. இரண்டு முறை கண்ணாடி மாறியது. கூடப் படித்தவர்கள் வேறு உலோகங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் அவள் அறையைக் கடக்கும்போது, எதையாவது ஒட்டிக்கொண்டு போய்விடுவோமோ என்று சற்றுத் தள்ளி நடந்தார்கள். அவளும் தானாகவே எல்லோரிடமிருந்தும் இரண்டடி தள்ளி நிற்கப் பழகியிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் புகார் வந்தது. ஓர் இளம் ஆராய்ச்சியாளர், மூன்று ஆய்வகங்களில் முயன்றும் சிவப்பு கிடைக்கவில்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கட்டுரையே கற்பனை என்று எழுதியிருந்தார். அந்த மூன்று ஆய்வகங்களுக்கும், பச்சைக்குக் காரணம் புரியாத ஆரம்ப வருடங்களில், கேட்டவர்களுக்கெல்லாம் நல்ல மனதோடு பச்சையைப் பொட்டலம் கட்டி அனுப்பியவள் அவள்தான். மூல அளவுகள் பதிந்த நாடாக்கள் பழைய இயந்திரத்தோடு எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. நால்வர் குழு ஒன்று அமைந்தது. அறுபது நாள். சிவப்பைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். மோசடி என்ற வார்த்தை அவள் பணிக் கோப்பில் ஏறும்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். இப்போது அவருக்கு முடி முழுக்க வெள்ளை. பதவி நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. மேசை மேல் தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு கையெழுத்து போட்டுடும்மா. அமைதியா முடிஞ்சிரும்."

படித்தாள். படிகத்தைத் தயாரித்தது முழுக்க மாணவியே, வழிகாட்டி மாணவி சொன்னதை நம்பி எழுதினார், என்றிருந்தது.

"சார், குடுவையைத் தூக்கிப் பாத்தது நீங்க."

"பாத்திருப்பேன். எதை எப்பப் பாத்தேன்னு இப்ப ஞாபகம் இல்ல."

"துத்தநாகத்துக்குப் போறேன்னு நான் கேட்டேன் சார். நீங்க விடல."

"அப்ப நிலைமை வேற."

தாளை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள். கோபமா, பயமா என்று அவளுக்கே விளங்கவில்லை. இத்தனை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றவர், வீடு பற்றிக்கொண்டதும் தான் மட்டும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார் என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்தாள். "அறுபது நாள் குடுத்திருக்காங்கல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வந்தாளே தவிர, கையில் ஒன்றுமில்லை. ஒன்பது நாள் வீணாகப் போனது. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை பேசுவாள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் அவள் பள்ளி ஆசிரியை. பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல். நாற்பத்தாறு வயதானாலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். அன்றும் வழக்கம்போல, பள்ளியில் தராசு ரிப்பேர், தலைமையாசிரியர் கஞ்சன் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அக்கா திடீரென்று குறுக்கே புகுந்தாள்.

"பாப்பா, உங்க பள்ளிக்கூடத்து லேபுக்கு நான் என்னைக்காவது வந்திருக்கேனா?"

"நீ எங்க வந்த. என் வீட்டுக்கே வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இந்தப் பள்ளிக்கூடத்துல நான் சேந்து ஏழு வருஷம். வாசப்படிகூட மிதிச்சதில்ல."

"நல்லதாப் போச்சு."

தங்கையின் குரல் உயர்ந்தது. "என்ன சொன்ன?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு, தூசி, குழு, கையெழுத்து. சொல்லி முடித்தபோது தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வா வான்னு ஒன்பது வருஷமாக் கூப்பிட்டேன். இப்ப வராம இருக்கறதுக்கு ஒரு காரணமும் கண்டுபிடிச்சுட்டே. பெரிய விஞ்ஞானிதான்."

"தப்புதான் பாப்பா."

"சரி, அழுதது போதும். என்ன பண்ணணும் சொல்லு."

"போன வருஷம் ஒரு சால்வை அனுப்பினேனே?"

"அதைப் போத்திக்கிட்டுத்தான் பேசறேன்."

"அதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனியா?"

"இல்ல, வீட்டுல மட்டும்தான்."

"பையில போட்டுக் கட்டி வை. லேபுக்குப் போற அன்னைக்குத் தலைக்குக் குளிச்சிட்டுப் போ. புதுத் துணி, புதுச் செருப்பு."

"என் கல்யாணத்துக்கே நான் இவ்வளவு அலங்காரம் பண்ணல" என்றாள் தங்கை.

மருந்துப் பொருள்கள் கடையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போயின. நிலையத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை. செய்முறை முழுவதையும் அக்கா போனிலேயே வாசித்தாள். தங்கை பாட நோட்டில் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் பள்ளி விடுமுறை. முதல் சனிக்கிழமை பழுப்பு நிறத்தில் ஒரு கசடு வந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. அக்கா சமையலறையில் நின்றுகொண்டு, "எவ்வளவு நேரம் ஆறவிட்டே" என்று கேட்க, தங்கை, "ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜுல வச்சேன்" என்றாள்.

"ஃப்ரிட்ஜுலயா? அது பயந்து போயிரும் பாப்பா. துண்டு சுத்தி, அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு, மறந்துடு. ரெண்டு நாள் யாரும் கிட்ட போகக்கூடாது."

மூன்றாவது சனிக்கிழமை செய்த குடுவை, அவள் சொன்னபடி பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு நாளும் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. தன் கைக்கு எட்டாத ஒரு பெட்டிக்குள், தான் எப்போதும் போக முடியாத ஓர் அறையில், தன் பெயர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கணவர் இரண்டு நாளும் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை இடைவேளையில் போன் வந்தது.

"அக்கா, காந்தம் வச்சுப் பாத்தேன். அசையல."

"நிறம்?"

"அதைச் சொல்ல மறந்துட்டேன் பாரு. ரத்தச் சிவப்பு."

அவள் நடைபாதையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாக வந்த மாணவன் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

அதை நிரூபிப்பது அடுத்த பாடு. குழுத் தலைவரிடம் போனில் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, நீங்க சொல்ற பொருள் இருக்கு, ஆனா நீங்க இல்லாத இடத்துலதான் இருக்கும். பேய்க் கதை மாதிரி இருக்கேம்மா" என்றார். குழுவில் அவர் உட்பட மூன்று பேர் அவள் அறைக்கு வந்து, மேசையைத் தொட்டு, பச்சையைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் யாரும் பள்ளிக்குப் போகக்கூடாது என்றாள். நான்காவது ஆள் படிகங்களின் உள்ளமைப்பை அளக்கும் ஒரு பெண்மணி. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் கூட்டத்தில் கணினித் திரையில் மட்டும் கலந்துகொண்டவர். "அவங்க போகலாம் சார். அவங்க மட்டும்தான் போகலாம்."

ஊன்றுகோலோடு அந்தப் பெண்மணி ரயில் ஏறிப் போனார். தங்கை அவர் கண் முன்னாலேயே இன்னொரு முறை செய்து காட்டினாள். ஐம்பத்தெட்டாம் நாள் அறிக்கை வந்தது. சிவப்பு உண்மை. நிக்கலைப் பிடித்திருக்கும் நான்கு கைகளும் ஒரே தளத்தில். கட்டுரையில் சொன்ன ஒவ்வோர் எண்ணும் சரி.

நிலையத்தில் கைதட்டினார்கள். இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் அவள் தோளைத் தட்டி, "நான் எப்பவும் உன் பக்கம்தாம்மா" என்றார். தட்டச்சு செய்த அந்தத் தாள் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் அறைக்குப் போய், மிச்சமிருக்கும் ஆறு வருடப் பணிக்காலத்துக்காவது வேறு தலைப்புக்கு மாற்றிவிடும்படி கேட்டாள்.

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இப்பத்தானே எல்லாரும் கேக்கறாங்க. இப்பப் போய் விடுவியா?"

பொய்யென்று பேசியபோது விட முடியவில்லை. மெய்யென்று ஆன பிறகும் விட முடியவில்லை. அவள் தன் அறைக்குத் திரும்பி, தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, என்ன எடை போட வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

குளிர்பதனக் கிடங்கு நிறுவனம் ஒன்று தங்கை இருக்கும் ஊரிலேயே புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கியது. சிவப்பை அங்கே பெரிய அளவில் செய்யப் போகிறார்கள். அந்தப் படிகவியல் பெண்மணிதான் பொறுப்பு. அது தயாராகும் வரை பள்ளி ஆய்வகத்தில்தான் மாதிரிகள் தயாராகும். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தப்பா நினைக்கக்கூடாது. உள்ள வரக்கூடாதவங்கன்னு வாசல்ல ஒரு பட்டியல் போடணும். இப்போதைக்கு அதுல ஒரே ஒரு பேர்தான்."

"என் போட்டோவும் வேணுமா?"

"இருந்தா நல்லது."

அனுப்பி வைத்தாள். ஒன்றரை வருடத்துக்கு அந்த ஊர்ப் பக்கமே வராமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்றும் அவர் எழுத்தில் கேட்டிருந்தார். அதற்கும் சரி என்றாள்.

பதிலுக்கு அவர் ஒரு பரிசு அனுப்பினார். நெருப்பில் உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே ஏழெட்டு ஊசிகள். தூசி புக வழியில்லை. மேசை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். இருபத்து நான்கு வருடமாக அவள் மனதில் இருந்த சிவப்பு இதைவிட வெளிச்சமானது. இது கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சிறியது. இதற்காகவா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். மறுநாள் இயக்குநர் அதை வாங்கிக்கொண்டு போய் வரவேற்புக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்.

தங்கையிடம் ஊர்ப் பக்கம் வரக்கூடாத விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வேறு எதையோ பேசினாள். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து பேசினாள். "நான் இங்கதான் இருக்கேன். பெட்டி கனமா இருக்கு. ரெண்டு பேரும் வாங்க."

கணவனும் மனைவியும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். பழக்கூடைகளுக்கு நடுவே தங்கை சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தாள், அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு.

அக்கா இரண்டடி தள்ளியே நின்றாள். "ஏன் வந்தே? இங்க வந்துட்டுத் திரும்பி லேபுக்குள்ள போனா எல்லாம் கெட்டுப் போயிருமே."

"போகமாட்டேன். கணக்கு டீச்சர் ஓய்வு பெறுறாங்க. அவங்க வகுப்பை நான் எடுத்துக்கிட்டேன். லேப் சாவியை அந்தப் படிகக்கார அம்மாகிட்ட குடுத்துட்டேன். லேப் தனிக் கட்டடம்தான், இனிமே அந்தப் பக்கமே நமக்கு வேலை இல்ல."

"வேதியியல்னா உனக்கு உசிராச்சே பாப்பா."

"ஆமா, உசிருதான்." தங்கை எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "கணக்கும் ஒண்ணும் மோசமில்ல. பசங்கதான் கொஞ்சம் மக்கு."

தன்னை அடைத்து வைத்ததன் ஒரு பங்கை இவளும் தலையில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று அக்காவுக்கு வலித்தது. கூடவே, வந்துவிட்டாளே என்றும் இருந்தது. தங்கை அதற்குள் அந்த இரண்டடியைத் தாண்டி வந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு போடு" என்றாள் காதருகில்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா? சும்மா."

கணவர் சூட்கேஸைத் தூக்கப் பார்த்து, "கணக்குப் புத்தகமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?" என்று முனகினார். விடுப்பு விண்ணப்பம் எழுதி அவளுக்குப் பல வருடம் ஆகியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தபடி, சூட்கேஸின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள்.